அம்மாவின் கால் புண்ணை வைத்து ஸ்டடி என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள், விலகலாமா?

மாரிகுப்பம் மகள்

வணக்கம். நான் பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன், அம்மா கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2001இல் சுரங்கத்தை மூடியதும் வீட்டோடு இருந்தார், இப்போது இல்லை. அம்மாவுக்கு 61 வயது, 14 வருஷமாகச் சர்க்கரை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வலது காலில் செருப்பு கடித்துக் கொப்புளமாகி, அதை யாரிடமும் சொல்லாமல் மஞ்சள் பூசிக்கொண்டே இருந்து, கடைசியில் கட்டைவிரலுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது. பக்கத்திலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அழுகிய சதையை எடுத்துவிட்டார்கள், எலும்புக்குப் போகவில்லை என்றார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸில் இருந்தபோது பி.ஜி. (மேற்படிப்பு) படிக்கிற டாக்டர் ஒருவர் அம்மாவிடம் நாலு பக்கத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தாள் கன்னடத்திலும் இங்கிலீஷிலும். அம்மா கன்னடம் பேசுவார், ஆனால் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். "எங்க போடணும்னு காட்டினாங்க, போட்டுட்டேன்" என்கிறார். அப்புறம் ஒட்டியிருந்த ஒரு கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு "உங்களுக்கு மெஷின் கட்டு வந்திருக்கு" என்றாராம். இப்போது புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே கண்ணாடி மாதிரி ஷீட் ஒட்டி, அதிலிருந்து ஒரு குழாய் மெஷினுக்குப் போகிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அம்மாவுக்கும் இதே மாதிரிப் புண்தான், அவருக்கு மட்டும் தினமும் சலைன் நனைத்த துணி வைத்துச் சாதாரணக் கட்டு.

எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சீட்டுக் குலுக்கிப் போட்டா வைத்தியம் பார்ப்பார்கள்? அம்மாவை வைத்துப் பழகிப் பார்க்கிறார்களா? வேண்டாம் என்று சொன்னால் டாக்டர்கள் கோபப்பட்டு கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்றும் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் ரஃபீக்

உடனே வெளியே வந்துவிடுங்கள் சகோதரி. எங்கள் வாப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் இப்படித்தான் ஸ்டடி என்று சொல்லி மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் என்ன என்று நானே இரண்டு முறை போய்க் கேட்டேன், அந்த டாக்டர் படிப்பு முடிந்து போய்விட்டார் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். என்ன எழுதினார்கள், எதற்கு எடுத்தார்கள், இன்றைக்கு வரை தெரியாது. வாப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

அல்சூர் கோமதி

ரஃபீக் அண்ணா, உங்கள் வாப்பாவுக்கு நடந்தது தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக இவர்கள் அவசரப்பட்டு வெளியே வர வேண்டாம்.

நான் இங்கே பெங்களூருவில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் ஒன்பது வருஷமாகக் கோஆர்டினேட்டர். சம்மதப் படிவம் வாங்குவதுதான் என் தினசரி வேலை. முதலில் உங்கள் பயத்துக்குப் பதில்: விலகலாம், எந்த நிமிஷமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விலகினால் வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. இது அந்த நாலு பக்கத்திலேயே எழுதியிருக்கும், எழுதாமல் எந்த எத்திக்ஸ் கமிட்டியும் (ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற குழு) அனுமதி கொடுக்காது.

இப்போது மொழி. நோயாளிக்குப் புரிகிற மொழியில்தான் விளக்க வேண்டும். பேச்சு மொழி வேறு, படிக்கிற மொழி வேறு என்றால் ஒருவர் உட்கார்ந்து முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும், ஸ்டடியில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். கோலார் பக்கத்தில் தமிழ் மட்டும் படிக்கிறவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாதா? தமிழ்த் தாள் ஒன்று தயாராக இருந்திருக்க வேண்டும். அப்புறம், கையெழுத்தான தாளில் ஒரு பிரதி உங்கள் அம்மாவுக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு போன் நம்பர் இருக்கும். ஒன்று டாக்டருடையது, இன்னொன்று எத்திக்ஸ் கமிட்டியினுடையது. இந்தக் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், தலைவர் அந்தக் கல்லூரிக்கு வெளியாளாக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரண ஆளும் ஒருவர். அந்தச் சாதாரண ஆள் எதற்கு என்றால், உங்கள் அம்மாவின் இடத்திலிருந்து தாளைப் படித்துப் பார்க்கத்தான். ஆகவே கமிட்டிக்குப் போன் செய்வது புகார் கொடுக்கிற மாதிரி ஆகிவிடுமே என்று தயங்க வேண்டாம். சந்தேகம் கேட்கத்தான் அந்த நம்பர்.

இன்னொன்று, ஸ்டடிக்காகக் கூடுதலாகச் செய்கிற டெஸ்ட்டுக்கும் சாமானுக்கும் உங்களிடம் காசு வாங்கக்கூடாது. அந்த ஸ்பாஞ்சை வெளியே கடையில் வாங்கி வரச் சொன்னார்களா? சொன்னால் இங்கே எழுதுங்கள். சி.டி.ஆர்.ஐ. நம்பர் உண்டா என்றும் கேளுங்கள். இந்தியாவில் நடக்கிற மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு அது, 2007இல் தொடங்கியது. 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே பதிவு செய்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். நம்பரைப் போட்டுத் தேடினால் எத்தனை பேர், என்ன ஒப்பிடுகிறார்கள், எல்லாம் உங்கள் போனிலேயே பார்க்கலாம்.

ஓசூர் சர்ஜன்

கோமதி மேடம் சொன்னதற்கு மேல் விதிகளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. கவர் விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நானும் கர்நாடகத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. படித்தவன், யாருக்கு எந்தக் கட்டு என்று குலுக்கி எழுதிய சீட்டை உள்ளே வைத்து அந்தக் கவர்களை ராத்திரி உட்கார்ந்து ஒட்டியவன்.

அம்மாவுக்கு வைத்திருப்பது வாக்கம் டிரெஸ்ஸிங். புண்ணில் ஊறுகிற நீரை மெஷின் இழுத்துக்கொண்டே இருக்கும், வீக்கம் வடியும், ஓரங்கள் நெருங்கி வரும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கட்டு மாற்றினால் போதும். பக்கத்துக் கட்டிலுக்குப் போடுகிற சலைன் கட்டும் காலங்காலமாகப் புண் ஆற்றிய கட்டுதான். இரண்டுமே ஏற்றுக்கொண்ட வைத்தியம், உங்கள் அம்மாவை வைத்து யாரும் புது மருந்து சோதிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் விலை உயர்ந்த மெஷினோடு வாக்கம் கட்டு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் நம்ம ஊர் வார்டில், மூன்று நாள் கழித்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்கிற, மண் தரையில் வெறுங்காலோடு நடக்கிற, சர்க்கரை 300இல் நிற்கிற நோயாளிகளிடம் எவ்வளவு நாள் மிச்சமாகிறது, எவ்வளவு செலவாகிறது என்பதை நம்ம ஊரில்தான் பார்க்க முடியும்.

அதை ஏன் குலுக்கிப் பார்க்க வேண்டும்? டாக்டரே தேர்ந்தெடுத்தால் தன்னை அறியாமலே தேறக்கூடிய ஆளுக்கு மெஷினையும் மோசமான புண்ணுக்குப் பழைய கட்டையும் போட்டுவிடுவார், பிறகு மெஷின் ஜெயித்ததா ஆள் ஜெயித்தாரா என்று சொல்ல முடியாது. கவர் ஒட்டியிருப்பது டாக்டரின் கையைக் கட்டுவதற்குத்தான்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கு இதைத்தான் செய்தார்கள். 193 ஏழை நோயாளிகள், பாதிப்பேர் சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில், பாதிப்பேர் தங்கள் குடிசையிலேயே, இரண்டு பக்கத்துக்கும் அதே மருந்துகள். யார் எங்கே என்பது குலுக்கலில்தான். நல்ல சாப்பாடும் காற்றும் படுக்கையும் இருந்தால்தான் டிபி குணமாகும் என்று உலகம் முழுக்க நம்பிய காலம். 1959இல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள், வீட்டு ஆட்களுக்குத் தொற்றுவதும் கூடவில்லை என்று பிறகு தெரிந்தது. இன்றைக்கு உங்கள் தெருவில் டிபி மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடுகிறார்கள் என்றால் அந்த 193 பேருக்கும் அதில் பங்கு உண்டு.

கொரோனா சமயத்தில், குணமானவர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கிற பிளாஸ்மாவுக்கு எல்லாரும் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரை இப்படித்தான் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. பிளாஸ்மா மரணத்தையும் குறைக்கவில்லை, நோய் முற்றுவதையும் தடுக்கவில்லை என்று 2020இலேயே தெரிந்துவிட்டது. 2021 மே மாதம் சிகிச்சைப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். டாக்டர்களின் நம்பிக்கையை மட்டும் வைத்து நடத்தியிருந்தால் இன்னும் ஏற்றிக்கொண்டிருப்போம்.

ஆனால் ரஃபீக் சொன்ன வலியும் உண்மை. பி.ஜி. படிக்கிறவர் தீசிஸ் என்கிற ஆய்வுக் கட்டுரை கொடுத்தால்தான் பரீட்சை எழுத முடியும், அதனால் சில பேர் நோயாளியை ஒரு எண்ணாகப் பார்க்கிறார்கள். முடிவை நோயாளிக்குப் போய்ச் சொல்கிற வழக்கமும் நம்மிடம் இல்லை, அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான். நானும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று, இது அவசரம்: அம்மா இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் இன்றைக்கே அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். குழாயில் பளிச்சென்று சிவப்பாக இரத்தம் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மாரிகுப்பம் மகள்

எல்லாருக்கும் நன்றி. இரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை எதுவும் அம்மா சாப்பிடவில்லை, கேட்டுவிட்டேன். ஸ்பாஞ்சுக்குக் காசு வாங்கவில்லை.

நேற்று லீவு போட்டு காலை ரயிலில் போனேன். அந்தப் பி.ஜி. டாக்டரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன், தமிழ்த் தாள் இருக்கிறதா, பிரதி எங்கே என்று. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழ்த் தாள் இருந்திருக்கிறது, டிபார்ட்மென்ட் அலமாரியில். அம்மா கன்னடம் பேசியதால் படிக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டாராம். மதியம் அதை எடுத்துக்கொண்டு வந்தார், வேறு வார்டிலிருந்து ஒரு தமிழ் நர்ஸ் அக்காவை சாட்சிக்கு அழைத்து வந்தார், அந்த அக்காதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தார். அரை மணி நேரம் ஆனது. சி.டி.ஆர்.ஐ. நம்பர் முதல் பக்கத்திலேயே இருந்தது, போனில் பார்த்தேன், இருக்கிறது.

நான் அம்மாவைப் பார்த்து, வேண்டாம்னா இப்பவே சொல்லிடும்மா என்றேன். அம்மா என்னை விட்டுவிட்டு டாக்டரிடம் கேட்டார்: "பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு நீங்க இதை வாசிச்சுக் காட்டினீங்களா? அவங்க ஆண்டர்சன்பேட்டை, அவங்களுக்கும் கன்னடம் படிக்க வராது."

அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு தமிழ்த் தாள் எடுக்க எழுந்து போனார். நர்ஸ் அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். அதற்கு அப்புறம்தான் அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டடியிலேயே இருக்கிறேன் என்கிறார். பிரதியை ரேஷன் கார்டு வைக்கிற பையில் வைத்திருக்கிறேன்.

ரஃபீக் அண்ணா, முடிவு வந்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தாளின் ஓரத்தில் டாக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன், அம்மா பெயருக்குக் கீழே என் போன் நம்பரும் இருக்கிறது.