இண்டக்ஷன் அடுப்பின் அழகு: கடையில் அளப்பதா, வீட்டில் அளப்பதா?

அல்சூர்வாசி:

வணக்கம். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக வடிவமைப்பு படிக்கிறேன். வீட்டு உபயோகப் பொருள்களின் தோற்றம் வாங்குவோரின் மதிப்பீட்டை எப்படி மாற்றுகிறது என்பதே என் ஆய்வேட்டின் பொருள். ஆறு இண்டக்ஷன் அடுப்புகளின் படங்களைக் காட்டி, அழகாக இருக்கிறதா, பயன்படுத்த எளிதாகத் தோன்றுகிறதா என்று 200 பேரிடம் மதிப்பெண் கேட்பதாகத் திட்டமிட்டிருந்தேன்.

ஆனால் எங்கள் சமையலறையே என்னைக் குழப்பிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடையில், மேடுபள்ளமில்லாத கறுப்புக் கண்ணாடிப் பரப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "துடைக்கச் சுலபம், இதுவே இருக்கட்டும்" என்று சொன்னவர் அம்மாதான். இன்று அதே அடுப்பின் நிறுத்தும் பொத்தான் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருக்கிறது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் நிற்கும்போது எந்த இடத்தைத் தொடுவது என்று தெரியாததால் அவரே ஒட்டியது. அப்படியானால் என் வினாத்தாள் உண்மையில் எதை அளக்கும்?

மர்பி டவுன்:

தோற்றத்தில் தெரியும் எளிமையை அளக்கும். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதைப் பயன்பாட்டு எளிமை என்று எழுதிவிடாதீர்கள். ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தில் மசாகி குரோசுவும் காவோரி காஷிமுராவும் ஏடிஎம் திரையின் பொத்தான்களை 26 விதமாக அடுக்கி 252 பேரிடம் மதிப்பெண் கேட்டு, முடிவை 1995-இல் வெளியிட்டார்கள். எளிதாகத் தோன்றுகிறது என்ற மதிப்பெண், உண்மையில் வேலையை எளிதாக்கும் அடுக்குமுறையைவிட அழகுக்கான மதிப்பெண்ணோடுதான் நெருங்கி நின்றது. இது ஜப்பானியரின் அழகுணர்வால் வந்திருக்கலாம், இஸ்ரேலில் இவ்வளவு இராது என்ற எதிர்பார்ப்போடு நோவம் டிராக்டின்ஸ்கி 1997-இல் அங்கே செய்து பார்த்தார். தொடர்பு இன்னும் வலுவாகவே வந்தது. 2000-இல் அவரும் சகாக்களும் ஆட்களை அந்தத் திரையில் வேலை செய்யவைத்த பிறகு கேட்டபோதும், அழகானதே எளிது என்ற எண்ணம் மாறவில்லை.

இதோடு நிறுத்தினால் ஒருபக்கமாகிவிடும். 2012-இல் அலெக்சாண்டர் டூச் குழுவினர் ஓர் இணையக் கடையின் அழகையும் எளிமையையும் தனித்தனியே மாற்றிப் பார்த்ததில் விளைவு தலைகீழாக வந்தது. அழகு எளிமையின் மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. பயன்படுத்தி அலுத்துப்போனவர்கள்தாம் அதன் அழகுக்கும் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். தனித்தனியே மாற்றியது என்பதைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் ஆறு அடுப்புகளில் நிறம், பொத்தான், பிராண்டு எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதால், எது எதற்குக் காரணம் என்று உங்களால் பிரிக்க முடியாது. ஒரே படத்தை வைத்துக்கொண்டு பொத்தான் பலகையை மட்டும் மாற்றுங்கள்.

விவேக் நகர் வாசகி:

மேலே உள்ளவை பெரும்பாலும் திரைகள்; அதிலும் ஒரே அமர்வில் முடிந்துவிட்டவை. உங்கள் அம்மாவின் கதைக்கு நெருக்கமானது டெபோரா தாம்ப்சன், ரெபெக்கா ஹாமில்டன், ரோலண்ட் ரஸ்ட் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு. வாங்குமுன் மக்கள் பொருளால் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு முதலிடம் தருகிறார்கள். பயன்படுத்திய பிறகோ எளிமையே பெரிதாகிவிடுகிறது. எட்டு மெனு உள்ள அடுப்பை வாங்கிவிட்டுப் பால் காய்ச்சுவதோடு நிறுத்திக்கொண்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 200 பேர் வேண்டாம். புதிதாக அடுப்பு வாங்கும் 20 வீடுகளைப் பிடித்து, வாங்கிய அன்றும் ஆறு வாரம் கழித்தும் அதே கேள்விகளைக் கேளுங்கள். எண்ணிக்கை குறைவு என்று கைடு முகம் சுளிக்கலாம். ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடுவதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு குறுக்கே வராது என்று விளக்குங்கள்.

பழைய மெக்கானிக்:

ஆய்வு முறை எனக்குத் தெரியாது. ஸ்ரீராமபுரத்தில் நெடுங்காலம் மிக்ஸியும் அடுப்பும் பழுது பார்த்தவன். தொடு பொத்தானுக்கு அமுக்கம் தேவையில்லை. விரல் பட்டதும் உண்டாகும் மின் மாற்றத்தை உணர்ந்து அது இயங்குகிறது. தண்ணீர் சிந்தினாலும் பால் பொங்கினாலும் அதே மாற்றம் ஏற்படுவதால் தடுமாறுகிறது. எனவே அழகைக் கேட்கும்போது உலர்ந்த கையோடு கேட்காதீர்கள். சமையலறையில் கை உலர்ந்திருக்கும் நேரம் குறைவு. அமுக்கும் பொத்தான் உள்ள அடுப்பில் மேலே ஒட்டிய தாள் அதிகம் அமுங்கும் இடத்தில்தான் வெடிக்கும். எந்தப் பொத்தான் உண்மையில் பயன்படுகிறது என்பதை அந்த வெடிப்பே காட்டிவிடும், வாயால் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். பொத்தானை நம்பாத வீடுகளில் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுகிறார்கள். அடுப்பை நிறுத்திய பிறகும் உள்ளே விசிறி சிறிது நேரம் ஓடிச் சூட்டைத் தணிக்க வேண்டும். அது பாதியில் நின்றுபோகிறது. தோற்றத்தால் வந்த இந்தப் பழக்கம் பழுதில் போய் முடிவதை என் மேசையில் கண்டிருக்கிறேன்.

அல்சூர்வாசி:

மூவருக்கும் நன்றி. படக் கேள்வியை முதல் பகுதியாக, பொத்தான் பலகையை மட்டும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். ஆறாவது வாரம் வீடுகளுக்குப் போகும்போது ஒட்டிய பொட்டு, வெடித்த தாள், அணைத்த சுவர் ஸ்விட்ச் ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொள்ளப் போகிறேன். ஒத்திகையாக எங்கள் அடுப்பையே படமெடுக்கப் போனேன். துடைத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று அம்மா தடுத்துவிட்டார். துடைக்கும்போது பொட்டு உதிர்ந்தது. படமெடுக்குமுன் அவரே புதிதாக ஒன்றை ஒட்டினார், இம்முறை கூட்டும் பொத்தானுக்குப் பச்சையில் இன்னொன்றும்.