லெக்சஸ் சிடி200எச்: ஏசி நேரம் சிவப்பு முக்கோணம், ஹைபிரிட் பெட்டரி மாத்தச் சொல்லினம்

ஹம்டன்லேன்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். என்ர வாகனம் லெக்சஸ் சிடி200எச், 2012 மொடல். கொஞ்ச நாளா ஓடிக்கொண்டிருக்கேக்க டாஷ்ல சிவப்பு முக்கோணம் பத்துது, கூடவே ‘செக் ஹைபிரிட் சிஸ்டம்’ எண்டு வருது. எப்பவும் இல்லை, விடிய ஒஃபிஸ் போகேக்க ஒரு பிரச்சினையும் இல்லை, மத்தியான வெயிலுக்குள்ள காலி ரோட்டில பம்பலப்பிட்டிப் பக்கம் ட்ராஃபிக்ல மாட்டுப்பட்டு நிக்கேக்க தான் வருது. கராஜ் ஒண்டில காட்டினன், ஸ்கேன் போட்டுப் பாத்திட்டு பி0ஏஏ6 எண்டு ஒரு பிழைக் கோட் காட்டுது, ஹைபிரிட் பெட்டரி போயிட்டு, முழுசா மாத்தோணும் எண்டு ஒரு விலை சொன்னார், அந்த விலைய இங்க எழுதினா வீட்டில ஆரும் கண்டாலும் கண்டிடுவினம். ஆனா பெற்றோல் செலவு முந்தின மாதிரித்தான், இழுவையும் குறையேல்ல. அண்மையில வேற வேலை ஒண்டும் செய்யேல்ல, கூல் காணாது எண்டு கிட்ட இருந்த கடை ஒண்டில ஏசி காஸ் அடிச்சது மட்டும் தான். பெட்டரிய மாத்துறதோ, கொஞ்சம் பொறுக்கிறதோ?

கொட்டாஞ்சேனை_ரைடர்:
மச்சான் மொதல்ல டிக்கில இருக்கிற 12 வோல்ட் பெட்டரிய பாருங்க. இந்த வாகனத்துல ஓல்டனேட்டரே இல்ல, பெரிய பெட்டரில இருந்து டிசி-டிசி கன்வேட்டர் தான் சின்னத சார்ஜ் பண்ணுது. நிப்பாட்டி வச்சு மீட்டர்ல 12.6 கிட்ட இருந்தா நல்லம், 12க்கு கீழ இறங்கினா அது தான் கள்ளன். ஸ்டார்ட் பண்ணி டாஷ்ல ரெடி லைட் வந்த பொறகு 14 கிட்ட காட்டணும். எனக்கும் சின்ன பெட்டரி வீக்காகி ஏபிஎஸ், ஸ்டியரிங், ஹைபிரிட் எல்லா லைட்டும் கோயில் திருவிழா மாதிரி பத்தினது.

ஓரஞ்ச்_வயர்:
12 வோல்ட் பாக்கிறது தப்பில்ல, ஆனா அது வீக்கானா கண்ட கண்ட கோட் எல்லாம் ஒண்டா வரும். இவருக்கு பி0ஏஏ6 மட்டும் தனியா வருது, அதுவும் வெயில் நேரம். அதோட இந்த கோட் பெட்டரி செத்துட்டுன்னு சொல்ற கோட் இல்ல, அதுக்கு பி0ஏ80 வேற இருக்கு. பி0ஏஏ6ன்னா ஹை வோல்டேஜ் பக்கத்துல இருந்து வாகனத்தோட இரும்பு பொடிக்கு கரண்ட் லீக் ஆகுது, இன்சுலேஷன் கொறஞ்சிட்டுன்னு அர்த்தம். இந்த வாகனத்துல 201.6 வோல்ட் பெட்டரி, மோட்டருக்கு போறப்ப இன்வேட்டர் அத 650 வரைக்கும் தூக்கும், அந்த சேர்கிட்ல ஒரு முனையும் பொடியோட சேரக்கூடாது. அந்த இன்சுலேஷன ஈசியு, அதாவது வாகனத்தோட கொம்பியூட்டர், எப்பவும் அளந்துட்டே இருக்கும்.

லீக் எங்கன்னு அந்த கோடுக்கு உள்ள இன்னொரு கோட் சொல்லும், ஐஎன்எஃப் கோட்ன்னு பேரு. 526 பொதுவா வரும், அதோட 611ன்னா ஏசி பக்கம், 612 பெட்டரி பக்கம், 613 கியர்பொக்ஸ் மோட்டர் பக்கம், 614 இன்வேட்டர், கேபிள் பக்கம். சந்தையில விக்கிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர்ல அது வராது, டெக்ஸ்ட்ரீம்ன்ற டொயோட்டா, லெக்சஸ் ஸ்கேன் சொஃப்ட்வெயார் இருக்கிற எடத்துக்கு போங்க. அத பாக்காம பெட்டரி மாத்த சொன்னவர் குருட்டாம்போக்குல சொல்லிட்டாரு.

எனக்கு சந்தேகம் நீங்க கடைசில சொன்ன அந்த ஏசி காஸ் மேல தான். இந்த வாகன கம்ப்ரசர் பெல்ட்ல ஓடுறது இல்ல, ஹை வோல்டேஜ் கரண்ட்ல ஓடுது, மோட்டர் சுருள் அப்படியே காஸுக்கும் ஒயிலுக்கும் உள்ள தான் கிடக்கு. அதனால கரண்ட் கடத்தாத என்டி-11ன்ற ஒயில் தான் போடணும், பொனட்டுக்கு கீழ ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கும். சாதாரண வாகனங்களுக்கு போடுற பிஏஜி ஒயில் ஈரத்த இழுத்து கரண்டையும் கடத்தும். ஒயில் ஊத்தவே இல்லைன்னாலும், மெஷினோட ஹோஸ்ல மிச்சம் இருந்த பிஏஜி உள்ள போனா அதுவே காணும். கொழும்பு வெயிலுக்கு கம்ப்ரசர் எந்நேரமும் ஓடும், ஓடுறப்ப தான் லீக் தெரியும். காலைல வராம மத்தியானம் வர்றது அதனாலயா இருக்கலாம்.

ஹம்டன்லேன்காரன்:
அண்ணை, நீங்க சொன்ன மாதிரி டெக்ஸ்ட்ரீம் உள்ள ஒரு இடத்தில போட்டுப் பாத்தது. 526ம் 611ம். ஹைபிரிட் பெட்டரிக்குள்ள இருக்கிற பிளொக் 14ம் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ், ஒண்டும் தனிய விழுகிறேல்ல எண்டு அவையும் சொல்லிச்சினம். கடைக்காரரக் கேட்டா ‘எல்லா வாகனத்துக்கும் அடிக்கிற ஒயில் தானே’ எண்டு சிரிக்கிறார். கம்ப்ரசர் கனெக்டரக் கழட்டி வைச்சுப் பாப்பம் எண்டு இருக்கிறன், நானே செய்யலாமோ?

ஓரஞ்ச்_வயர்:
வேணாம் தம்பி, ஓரஞ்சு நிற கேபிள்ல கை வைக்காதீங்க. பெரிய பெட்டரி கரண்ட துண்டிக்கிற சேர்விஸ் பிளக்க கழட்டி, கழட்டினவரே அத பொக்கட்ல வச்சுகிட்டு, இன்வேட்டர் கப்பாசிட்டர் எறங்க 10 நிமிஷம் விட்டு, 1000 வோல்ட் தாங்குற ரப்பர் கையுறை போட்டு, மீட்டர்ல சைபர்ன்னு பாத்த பொறகு தான் தொடணும். கம்ப்ரசர தனியாக்கி 500 வோல்ட் மெகர்ல (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) பொடிக்கு அளந்தா சந்தேகம் தீந்துடும். பழகினவர் செய்யட்டும். அது வரைக்கும் ஏசி போடாம ஓடுங்க.

கொட்டாஞ்சேனை_ரைடர்:
அப்போ பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடைகள்ல ஒரு யூஸ்ட் கம்ப்ரசர் எடுத்து போட்டா காரியம் முடிஞ்சதே?

ஓரஞ்ச்_வயர்:
கம்ப்ரசர் மட்டும் மாத்தினா கொஞ்ச நாள்ல அதே கோட் திரும்ப வரும், ஏன்னா பழைய ஒயில் கண்டென்சர், எவாப்பரேட்டர், பைப் எல்லாத்துலயும் மிச்சம் நிக்குது. அதெல்லாம் கழுவணும், முடியாததுகள மாத்தணும், காஸ்ல ஈரத்த உறிஞ்சிற ட்ரையர் கட்டாயம் புதுசு. யூஸ்ட் எடுக்கிறதா இருந்தா பைப் வாய் ரெண்டும் மூடி இருக்கிற ஒண்டா எடுங்க, தொறந்து கிடந்தது ஈரம் குடிச்சிருக்கும். பூட்ட முந்தி அதையும் மெகர்ல அளக்க சொல்லுங்க, அளக்க விடாத கடைல வாங்காதீங்க. காஸ் அடிக்கிறப்ப ஹைபிரிட்டுக்குன்னு தனி ஹோஸ் இருக்கான்னு கேளுங்க. நுகேகொடை பக்கம் மெகர் வச்சிருக்கிற ஒருத்தர தெரியும், இன்பொக்ஸ்ல நம்பர் போட்டிருக்கேன்.

ஹம்டன்லேன்காரன்:
நன்றி அண்ணை, கிடைச்சிட்டு. சனிக்கிழமை கொண்டு போறன், விடியவே போனா ஏசி இல்லாமல் சமாளிக்கலாம்.