என் கணவன் என் தோழனும் ராஜா ராணி 2-ம் ஒரே கதையா?

மலைக்கோட்டை மருமகள்:

வீட்டில் ஒரு பஞ்சாயத்து, தீர்த்து வையுங்கள். என் மாமியார் ஹாட்ஸ்டாரில் ராஜா ராணி 2-ஐ முதலிலிருந்து மறுபடியும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவை இழந்த பெண், ஸ்வீட் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை, படித்த மருமகளே ஆகாது என்கிற மாமியார், போலீஸ் ஆகியே தீருவேன் என்கிற மருமகள். அட, இது ஸ்கூல் படிக்கும்போது அதே விஜய் டிவியில் பார்த்த 'என் கணவன் என் தோழன்' ஆயிற்றே என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "அது வடக்கத்திக்காரங்க கதை, முக்காடு போட்டுக்கிட்டுத் திரிவாங்க. இது நம்ம வீட்டுக் கதை" என்று அத்தை அடித்துச் சொல்கிறார்.

யார் சொல்வது சரி? அப்படியே ஒரே கதை என்றால், டப்பிங் செய்து ஒரு தடவை காட்டியதை அதே சேனல் ஏன் செலவு செய்து மறுபடியும் எடுக்க வேண்டும்?

ஏழரை மணி ஸ்லாட்:

நீங்கள் சொல்வதுதான் சரி. மூலம் ஸ்டார் பிளஸ் இந்திச் சேனலில் வந்த 'தியா அவுர் பாத்தி ஹம்'. 2011 ஆகஸ்ட் முதல் 2016 செப்டம்பர் வரை ஓடியது. அதன் டப்பிங்தான் என் கணவன் என் தோழன். ராஜா ராணி 2 அதன் ரீமேக், 2020 அக்டோபரில் ஆரம்பித்தது. பெயரில் 2 இருந்தாலும் முதல் ராஜா ராணிக்கும் இதற்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாயகி ஆல்யா மானசா அதில் வேலைக்காரப் பெண், இதில் ஐபிஎஸ் கனவு காணும் மருமகள். ஓடின பெயரை விடுவானேன் என்று வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சாலிகிராமம் டப்பிங்:

நான் சில வருஷம் டப்பிங் தொடர்களுக்கு வசனம் எழுதியவன். நீங்கள் சொல்லும் தொடருக்கு இல்லை, வேறொன்றுக்கு, ஆனால் அதுவும் ராஜஸ்தான் கதைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் சொல்வதும் சரி, உங்கள் மாமியார் சொல்வதும் சரி.

டப்பிங்கில் படம் நம் கையில் இல்லை. குளோசப்பில் அந்த நடிகை எங்கே உதட்டை மூடுகிறாரோ அங்கே நம் வசனத்தில் ஒரு ப-வோ ம-வோ விழ வேண்டும். மாமியார் திட்டுகிற காட்சியில் இது உயிரை எடுக்கும். ஆவேசமாகக் கத்திவிட்டு உதட்டை இறுக்கி மூடி முறைப்பார். அந்தக் கடைசி மூடலுக்காகவே "போதும்", "கிளம்பு", "பார்க்கலாம்" என்று தேடித் தேடி வைப்போம். அதனால்தான் டப்பிங் தொடரில் எல்லா மாமியாரும் ஒரே மாதிரி பேசுவதாக உங்களுக்குத் தோன்றும். மருமகள் முகத்தை மறைத்து முக்காடு இழுத்துவிட்டாள் என்றால் எங்களுக்குத் தீபாவளி. உதடு தெரியாது. பக்கம் பக்கமாக எழுதலாம். என்னுடைய நல்ல வசனமெல்லாம் முக்காட்டுக்குள்ளேதான் போயிருக்கிறது.

ஆனால் அந்த முக்காடு வேறொரு வேலையும் செய்தது. மூலக்கதை நடப்பது புஷ்கரில். மாப்பிள்ளை சூரஜ் அதிகம் படிக்காத மிட்டாய்க் கடைக்காரர். மாமியாரை எல்லோரும் பாபோ என்று கூப்பிடுவார்கள், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். படித்த பெண் வந்தால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர். மருமகள் சந்தியாவின் அண்ணன் அவள் படிப்பை மறைத்துக் கட்டிக்கொடுக்கிறான். தொடர் தொடங்கிய அதே 2011-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் பெண்களின் எழுத்தறிவு 52 சதவீதம்தான். அங்கே அந்த பயம், அந்தப் பொய் இரண்டுக்கும் மண்ணில் வேர் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் டப்பிங்கில் பார்க்கும்போது, சரி, அந்த ஊரில் அப்படித்தான் போல என்று ஏற்றுக்கொண்டார்கள். யாரும் லாஜிக் கேட்கவில்லை.

ரீமேக் என்று வந்ததும் முக்காடு போய்விட்டது. அங்கேதான் சிக்கல் ஆரம்பம். தமிழ்நாட்டில் அதே கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதம். நம் ஊர் மாமியார் பெண் பார்க்கப் போனால் "பொண்ணு என்ன படிச்சிருக்கு, வேலைக்குப் போகுதா, எவ்வளவு வருது" என்றுதானே கேட்கிறார்? படிப்பு வேண்டாம் என்கிற மாமியாரை இங்கே நிறுத்த என்ன காரணம் சொன்னாலும் கொஞ்சம் முட்டுக்கொடுத்த மாதிரிதான் இருக்கும். ராஜா ராணி 2-இல் அந்த இடத்தைத் தாங்கியது எழுத்து இல்லை, மாமியார் சிவகாமியாக நடித்த பிரவீணா. அவர் கோபத்தில் ஒரு பாசம் ஓரமாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஓரகத்தி அர்ச்சனா. பிற்பாடு பிக் பாஸ் ஏழாவது சீசனில் ஜெயித்தாரே, அவரேதான். மாமியாரை நம்ப முடியாத நேரத்திலெல்லாம் கதையை ஓரகத்தி பக்கம் தள்ளிவிட்டார்கள். ஓரகத்திச் சண்டைக்கு எந்த ஊரிலும் காரணம் சொல்லத் தேவையில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: டப்பிங் மலிவு. செட் இல்லை, நடிகர் கால்ஷீட் இல்லை, ஒரு டப்பிங் தியேட்டரும் சில குரல்களும் போதும். இந்தித் தொடர்களான உத்தரன் 'சிந்து பைரவி' ஆனதும், பாலிகா வது 'மண் வாசனை' ஆனதும் அப்படித்தான். ஆனால் நம் நடிகர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வேலை போகிறது என்று சின்னத்திரைச் சங்கத்தினர் போராடினார்கள். அது ஒரு பக்கம். இன்னொன்று, டப்பிங் தொடரின் நாயகியைப் பொங்கல் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டுக் கோலம் போட வைக்க முடியாது, விருது மேடையில் நிறுத்தித் தமிழில் பேச வைக்க முடியாது. ஒரு தொடரின் முகத்தை வைத்துச் சேனல் பத்து வேலை பார்க்கும். அதற்கு நம் ஊர் முகம் வேண்டும்.

கன்னடத்தில் டப்பிங்குக்கே பல வருஷம் எழுதாத தடை இருந்தது. அப்போது அங்கே வேற்றுமொழிக் கதை வேண்டுமென்றால் ரீமேக்தான் வழியாக இருந்தது.

குழித்துறைக்காரி:

சார் சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் ஒப்பவில்லை. முக்காடு போனால் கதை ஆட்டம் காணும் என்கிறீர்கள். இதே கதையை ஏஷியாநெட்டில் 'பரஸ்பரம்' என்று 2013 முதல் 2018 வரை ஓட்டினார்களே! கேரளத்தை விடவா படித்த பெண்கள் உள்ள ஊர் வேண்டும்? எங்கள் வீட்டில் தமிழ், மலையாளம் இரண்டும் ஓடும். காயத்ரி அருண் நடித்த தீப்தி ஐபிஎஸ்ஸுக்காக என் அம்மா சாயங்காலக் குளியலையே நேரம் மாற்றிக்கொண்டார். கடைசி எபிசோடில் கேப்ஸ்யூல் பாம், படகு வெடிப்பு என்று போய் ஊரே ட்ரோல் செய்தது வேறு விஷயம். அதுவரைக்கும் ஐந்து வருஷம் உட்கார்ந்து பார்த்தவர்கள் யார்?

ராஜா ராணி 2 இரண்டரை வருஷத்தில் முடிந்ததற்குக் காரணம் நாயகி மாறிக்கொண்டே இருந்ததுதான். ஆல்யா பிரசவத்துக்காகப் போனார், ரியா வந்தார், அவரும் போய் ஆஷா கௌடா வந்தார். "இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு போட்டால் மனசு உடனே மாறிவிடுமா?

சாலிகிராமம் டப்பிங்:

நாயகி மாறியது பெரிய அடி, ஒத்துக்கொள்கிறேன். பரஸ்பரம் விஷயத்தில் என் எண்ணம் வேறு. அதைத் தூக்கி நிறுத்தியது தீப்தியின் காக்கிச் சட்டை. மாமியாரின் படிப்பு வெறுப்புக்காக யாரும் அதைப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள், கல்யாண எபிசோடு ஞாபகம் இருக்கிறதா, போலீஸ் பயிற்சி முடிக்கும் பாஸிங் அவுட் பரேடு ஞாபகம் இருக்கிறதா என்று.

எதிர்த் திசையிலும் ஒன்றைப் பாருங்கள். நம் பாண்டியன் ஸ்டோர்ஸ் 2021-இல் இந்திக்குப் போய் 'பாண்டியா ஸ்டோர்' ஆனது. மளிகைக் கடை, அண்ணன் தம்பிகள், தாய் மாதிரி ஓர் அண்ணி. குஜராத்தில் சோம்நாத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. கடையும் கூட்டுக் குடும்பமும் எந்த ரயிலிலும் ஏறும். மாமியாரின் சட்டதிட்டத்துக்குத்தான் ஊர் மாறினால் ஆயிரம் விளக்கம் வேண்டியிருக்கிறது.

மலைக்கோட்டை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஓரகத்தி பகுதி வந்தபோது மட்டும் தலையாட்டினார். இப்போது அவருக்கு இந்தி மூலத்தைப் பார்க்க வேண்டுமாம். "அதுல பிரவீணா மாதிரி மாமியார் உண்டா?" என்று கேட்கிறார். மொழி புரியாதே என்றால், "கதைதான் தெரியுமே" என்கிறார்.

சாலிகிராமம் டப்பிங்:

உண்டு. பாபோவாக நடித்தவர் நீலு வகேலா, ராஜஸ்தானி சினிமாவில் பெயர் வாங்கியவர். அவர் இடுப்பில் கை வைத்து நிற்கும் தோரணைக்கே பார்க்கலாம். முதல் சில மாத எபிசோடுகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூர் சமையல் போட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனால் உங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் உங்கள் தலையில்தான்.