சிரட்டையால அள்ளிப் போட்ட கனியுப்பு

சண்டிலிப்பாயிலிருந்து, மூண்டு பசு:

எங்கட ஜேர்சிக் கலப்புப் பசு கண்டு போட்டு அஞ்சு மாதமாகியும் சினைப்படேல்லை. "பொசுபரசு காணாது, கனியுப்பை, அதுதான் தீனில கலக்கிற தாதுத்தூளை, கூட்டிப் போடு" எண்டுதான் கேட்ட ஆக்கள் எல்லாரும் சொன்னவை. நானும் கரண்டியை விட்டுட்டுச் சிரட்டையால அள்ளிப் போட்டன்.

மிருக வைத்தியர் வந்து மாட்டைப் பார்க்க முதல் தீன் வாளியைத்தான் பார்த்தார். 2 கிலோ அரிசித் தவிடு, ஒரு கிலோ எள்ளுப் புண்ணாக்கு. "தம்பி, தவிட்டில மட்டும் கிலோவுக்கு 12, 15 கிராம் பொசுபரசு இருக்கு. 6 லீற்றர் கறக்கிற மாட்டுக்கு நாளுக்கு 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல காணும். புல்லையும் புண்ணாக்கையும் சேர்க்காமலே தாண்டீட்டீர்" எண்டார். ஒரு லீற்றர் பாலோட ஒரு கிராம்கூடப் போகாதாம். மிச்சமெல்லாம் சாணியில.

அந்தச் சாணி எங்க போனது எண்டது எனக்கு அப்பதான் உறைச்சது. எருக்கும்பி கொட்டிலுக்குப் பின்னால, வாய்க்கால் ஓரத்தில. கார்த்திகை மழைக்கு அது கரைஞ்சு குளத்துக்குத்தான் போகும். மாசியில அந்தத் தண்ணியைக் கையால அள்ளினன், விரலிடுக்கெல்லாம் பச்சைப் பாசிப் பசை. சாணியோட போன பொசுபரசு பாசிக்கு உரமாப் போகுது. மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பீட்டுது. எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு.

உப்பையும் கல்சியத்தையும் விடேல்லை. தவிட்டில கல்சியம் சரியான குறைவு. பொசுபரசு சேர்ந்த தூளைத்தான் நிப்பாட்டினன். பால் குறையேல்லை. சினைப்படாததுக்குக் காரணம், மாடு இரவில காளை தேடிக் கத்தினதை நான் கவனிக்காமல் விட்டது. பிறகு சினை ஊசி போட்டுச் சினைப்பட்டிட்டுது. கும்பியையும் மேட்டுக்கு மாத்தி, மேல கிடுகு போட்டுட்டன்.

கோண்டாவிலிலிருந்து, முட்டைக் கோழி 400:

அண்ணை, மாட்டின்ர வயித்தில இருக்கிற நுண்ணுயிர் தவிட்டுப் பொசுபரசைப் பிரிச்சுக் குடுக்கும். கோழிக்கு அந்த வசதி இல்லை. சோளம், சோயா, தவிடு எல்லாத்திலயும் மூண்டில ரெண்டு பங்கு பூட்டிக் கிடக்கு, அப்பிடியே எச்சத்தில வந்திடும். அதைத் திறக்கிற நொதியம்தான் பைற்றேஸ். நெதர்லாந்தில 1991 இலயே தீனில சேர்க்கத் தொடங்கீட்டினம். நான் அதைக் கலந்தும் ஒரு வருசம் டைகல்சியம் பொசுபேற்றை, அதுதான் தீனில சேர்க்கிற பொசுபரசுத் தூளை, குறைக்காமல் விட்டன். அப்பிடிச் செய்தால் எச்சத்தில போறது குறையவே குறையாது. குறைச்ச பிறகும் முட்டைக் கோது மெலியேல்லை, சிப்பித்தூள் ஒழுங்காப் போட்டனான். அந்த எருதான் வெங்காயத் தோட்டத்துக்குப் போகுது. நைதரசன் கிணத்துக்கு இறங்கும். பொசுபரசு செம்மண்ணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, மண் அடிபட்டுப் போகேக்க வெள்ளத்தோட போகும்.

கரவெட்டியிலிருந்து:

ஒண்டு சொல்லோணும். எங்கட நாட்டு மாடு வைக்கலும் தரவை மேய்ச்சலும்தான், தவிடு கண்ணிலயும் காணாது. போன வருசம் வேலியோரம் கிடந்த எலும்பைச் சப்பிக்கொண்டு நிண்டுது. பொசுபரசு உண்மையாவே குறைஞ்சு போனால் அப்பிடிக் கடிக்குமாம். அதுக்குக் கனியுப்பு தேவைப்பட்டது. என்ன தின்னுது எண்டு பார்க்காமல் ஒருத்தரும் நிப்பாட்டிப் போடாதேங்கோ.