மறுமொழி: எழுத்தைப் படமாக ஒட்டுவதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு,

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் பங்களிப்பாளர் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளி இரவுக்குள் கோப்பை ஏற்றியாக வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பிழைச்செய்தியையோ நிரலையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாதீர்கள், எழுத்தாகவே ஒட்டுங்கள் என்று சொல்லும் பகுதி அது.

அதன் தலைப்பிலுள்ள கருத்து டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற, மாற்றுத்திறனாளிகளும் இணையப் பக்கங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை நெறிமுறையின் 1.4.5 விதியிலிருந்து வந்தது. ஒரு குறிப்பிட்ட தோற்றம் வேண்டும் என்பதற்காக எழுத்தைப் படம் போன்ற எழுத்தல்லாத வடிவில் தருவது என்று அங்கே வரையறுக்கிறார்கள். 2008இல் வந்த 2.0 பதிப்பிலேயே இந்த விதி உண்டு. 2023இல் வந்த 2.2 வரை அதன் எண்கூட மாறவில்லை. நம்மிடம்தான் இதற்கு இன்னும் சொல் இல்லை.

என் கையில் இருப்பவை உரைப்படம், எழுத்துப்படம், படவுரை. கடைசியை நானே தள்ளிவிட்டேன், படத்தின் கீழ் எழுதும் விளக்கம் என்றே யாரும் எடுத்துக்கொள்வார்கள். மற்ற இரண்டில் எது?

———

உரைப்படம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உரைத்திருத்தி, உரைப்பெட்டி, மாற்றுரை என்று எல்லாவற்றிலும் உரை என்றே பழக்கிவிட்டோம். கணினி வகுப்பு எடுக்கிறேன். புதிதாக ஒரு சொல்லைக் கொடுத்தால் மாணவர்கள் முதலில் அதன் பொருளைக் கேட்கிறார்கள், பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது.

———

> எல்லாவற்றிலும் உரை என்றே பழக்கிவிட்டோம்

பழக்கியதே பிழை என்பேன். உரைத்தல் என்றால் சொல்லுதல். உரையாடல், உரையாசிரியர், பதவுரை எல்லாவற்றிலும் ஒருவர் வாய் திறந்து சொல்வதோ விளக்குவதோ இருக்கிறது. எழுதிக் கிடப்பதற்குப் பெயர் பனுவல்.

நன்னூல் பாயிரத்தில் 'பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாக' என்று ஒரு வெண்பா வருகிறது. சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்பவள், வாய் கை, மதி கதிர். இவர்கள் உரை என்று மொழிபெயர்க்கும் டெக்ஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். படம் என்பதற்கோ பழைய பொருள் துணி. துணியில் தீட்டியதால் சித்திரத்துக்கும் அப்பெயர் ஆயிற்று. ஆகவே பனுவல் இழை, படம் துணி. பனுவற்படம் என்றால் இழையும் துணியும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்கும். லகரம் றகரமாகத் திரியும், கவனிக்க.

இதைவிடவும் பொருத்தமான ஒன்று யாப்பருங்கலம் என்ற யாப்பிலக்கண நூலின் உரையான யாப்பருங்கல விருத்தியில் ஆயத்தமாகக் கிடக்கிறது: உருவெழுத்து. நூற்பா உள்ள பக்கத்தை ஒளிவருடி இணைத்திருக்கிறேன்.

———

ஐயா, வணக்கம். பல ஆண்டுகளாக இந்தக் குழுவின் மடல்களைக் கேட்டு வருகிறேன், எழுதுவது குறைவு. நான் பார்வையற்ற நிரலாளர். நீங்கள் இணைத்த பக்கத்தை என்னால் படிக்க முடியவில்லை. திரையிலுள்ள எழுத்தைப் பேச்சாக வாசிக்கும் என் திரைபடிப்பான் 'படம்' என்று மட்டும் சொல்லி, கோப்புப் பெயரில் இருந்த எண்களை வாசித்துவிட்டு நின்றுவிட்டது. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு தட்டச்சாக்கும் டெசராக்ட் எழுத்துணரியில் போட்டுப் பார்த்தேன். பழைய அச்சு போலிருக்கிறது, 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்கள் எல்லாம் வேறெதுவாகவோ வந்தன. ரகரமும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன. நூற்பாவைத் தட்டச்சு செய்து அனுப்ப முடியுமா?

நாம் பெயர் தேடும் பொருள் இதுதான் என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

கதையை எழுத்துணரியில் போட்டால் பத்துச் சொல் சிதைந்தாலும் கதை புரிந்துவிடும். நிரல் அப்படியல்ல. சிறிய எல் எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் மாறினால் போதும், சுழியமும் ஓ எழுத்தும் மாறினால் போதும், அது வேறு நிரல். பெயர்களின் நடுவே வரும் அடிக்கோடு பல நேரம் காணாமலே போகும். பைத்தானில் வரியின் முன்னுள்ள வெற்றிடம்தான் எந்தக் கட்டளை எதற்குள் அடங்கும் என்று சொல்கிறது. எழுத்துணரி அந்த வெற்றிடத்தைத் தின்றுவிட்டால் மிஞ்சுவதை இயக்கவே முடியாது. நிஜ எழுத்தாக இருந்தால் என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பான் ஒவ்வொரு வரியின் உள்தள்ளலையும் பேச்சாகவோ சுருதியாகவோ சொல்லிவிடும். சுருதி ஏறினால் உள்ளே போகிறேன், இறங்கினால் வெளியே வருகிறேன். சந்தேகம் வந்த இடத்தில் அம்புக்குறி விசையால் ஓர் எழுத்து ஓர் எழுத்தாக நகர்ந்து கேட்பேன், அல்லது பிரெயில் பட்டையில் விரலால் தொட்டுப் பார்ப்பேன். பிழைச்செய்தியை நகலெடுத்துத் தேடுவேன். படத்தில் இவற்றில் ஒன்றும் நடக்காது.

படத்தோடு மாற்றுரை, அதாவது திரைபடிப்பான் வாசிக்க ஒரு விளக்கம், எழுதிவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பொத்தானுக்குப் போதும். பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்று காட்டும் முப்பது வரிப் பிழைத்தடத்தை மாற்றுரையில் அடைத்தால் அது ஒரே மூச்சில் ஓடும் ஒற்றைச் சரமாகிவிடுகிறது. வரிவரியாக நகர வழியில்லை, உள்தள்ளலும் மிஞ்சாது.

இன்னொன்று. 1.4.5 முதன்மையாகக் குறைபார்வை உள்ளவர்களை நினைத்து வைத்த விதி. எழுத்தைப் பெரிதாக்கவும் நிறம் மாற்றவும் அவர்களுக்கு முடிய வேண்டும். படத்தைப் பெரிதாக்கினால் மங்கித்தான் போகும். என்னைப் போல அறவே பார்வையில்லாதவர்களுக்கு அடிப்படை, மாற்றுரை பற்றிய 1.1.1. கையேட்டின் விளக்கத்தில் இரண்டும் வரட்டும்.

———

அம்மா, மன்னிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக இங்கே எத்தனை பக்கங்களை இப்படி இணைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், வருத்தமாக இருக்கிறது. நூற்பா இதோ:

காணப் பட்ட உருவம் எல்லாம்
மாணக் காட்டும் வகைமை நாடி
வழுவில் ஓவியன் கைவினை போல
எழுதப் படுவது உருவெழுத் தாகும்.

ஓவியன் கைவினை போல எழுதப்படுவது! இதற்கு மேல் என்ன வேண்டும்?

எழுத்துப்படம் ஏன் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. எழுத்து என்பதை நன்னூலார் 'மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி' என்கிறார். முதலில் ஒலி. 'தொல்லை வடிவின எல்லா எழுத்தும்' என்று வரிவடிவைப் பிறகுதான் பேசுகிறார். ஒலியைப் படமெடுக்க முடியுமா?

———

ஐயா, நூற்பாவைத் தெளிவாகக் கேட்டேன். மிக்க நன்றி. நன்னூலார் சொல்லும் வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு எழுத்து என்றால் ஒலிதான், அப்புறம் விரல் நுனியில் புள்ளிகள். பார்வையற்ற கணினி அறிஞர் டி.வி. ராமன் 1990களில் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருளில் நிரலின் குறிப்புரை ஒரு குரலிலும் கட்டளை வேறொரு குரலிலும் கேட்கும். எழுத்து எழுத்தாக இருந்தால் அதை இப்படியெல்லாம் ஒலிக்கவைக்கலாம். படமாக்கும்போது பறிபோவது ஒலி என்றால், எழுத்துப்படம் என்ற சொல் அதைச் சரியாகவே சொல்கிறது என்று நினைக்கிறேன். எழுத்தின் படம் அது, எழுத்து அல்ல.

———

உருவெழுத்து இங்கே தலைகீழாகப் பொருந்துகிறது, ஐயா. அந்த நூற்பாவில் படமே எழுத்தாக நிற்கிறது. மீனைக் காட்ட மீன் உருவம் வரைவது போல. நம்முடையதில் எழுத்து படமாகிவிட்டது. படவெழுத்துக்கும் இதே சிக்கல், எகிப்தியரின் எழுத்தைத்தான் அது நினைவூட்டும். எழுத்துப்படம் என்றால் எழுத்தினது படம், ஆறாம் வேற்றுமைத்தொகை, தலைமைச்சொல் படம். பொருள் அது படம் என்பதுதானே?

இதோடு ஒட்டிய இன்னொரு கேடு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. கண்ணுக்குத் தமிழ் என்று தெரியும் அந்தச் சொல்லைத் திரைபடிப்பான் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வாசிக்கும். அங்கே எழுத்து உண்டு, ஆனால் வேறு எழுத்து. இதற்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். பொய்யெழுத்து?

———

தனி இழையில் பேசுங்கள், ஐயா. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. ஊமைப்படம் என்று வைத்தால் என்ன? பேசாத படம். ஒரு நொடியில் எல்லாருக்கும் விளங்கும்.

———

வேண்டாம், தம்பி. ஒரு குறைபாட்டால் வரும் தடையை விளக்க இன்னொரு குறைபாட்டின் பெயரை எடுக்க வேண்டாம். பேச முடியாத நிரலாளர் ஒருவரும் அந்தக் கையேட்டைப் படிப்பார்.

———

சரிதான் அக்கா, திரும்பப் பெறுகிறேன். எழுத்துப்படத்துக்கே என் வாக்கு.

———

இதுவரை எழுத்துப்படத்துக்கு ஐந்து பேர், உரைப்படத்துக்கு இரண்டு, உருவெழுத்துக்கு ஒருவர். பனுவற்படம் எனக்கு ஓசையில் பிடித்தது, ஆனால் கையேட்டைப் புரட்டும் புதியவர் அதைத் தாண்டி அடுத்த வரிக்கு வரமாட்டார். எழுத்துப்படம் என்றே இடுகிறேன். கீழே தொடர்:

'நிரலையும் பிழைச்செய்தியையும் எழுத்துப்படமாக இடாதீர்கள். திரைபடிப்பானால் அதைப் படிக்க முடியாது. எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள்.'

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். வேறு குறிப்பிடத்தக்க காட்சிகளும் உள்ள படத்துக்குள் எழுத்து ஒரு பகுதியாக வந்தால் அது 1.4.5 வரையறைக்குள் வராது. அப்படியானால் பட்டிகளும் பொத்தான்களுமாகத் திருத்தியின் முழுச் சாளரத்தையும் பிடித்துப் போட்டால் அது எழுத்துப்படமா?

———

விதியின்படி வாதாடலாம். எனக்கு விளைவு ஒன்றுதான், உள்ளே இருக்கும் நிரல் கிடைப்பதில்லை. 'படம் இட்டே ஆக வேண்டுமென்றால், அதிலுள்ள நிரலைக் கீழே எழுத்தாகவும் தாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

———

வகுப்பில் நான் உரைப்படம் என்றுதான் சொல்லப்போகிறேன். மாற்றுரையில் உரை, இதில் எழுத்து என்றால் மாணவர்கள் இரண்டையும் தொடர்பில்லாதவை என்று நினைப்பார்கள். பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

———

என் மாறுபாட்டையும் பதிவு செய்க. உருவெழுத்தைத் தலைகீழ் என்று தள்ளியதை நான் ஏற்கவில்லை. பழஞ்சொல்லின் பொருள் விரிவதற்கு இலக்கணம் தடையில்லை, விரிவாக வேறொரு நாள் எழுதுகிறேன். முன்பு இணைத்த பக்கங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன், கண் ஒத்துழைக்கும்போது ஒவ்வொன்றாக வரும்.

கோப்பை ஏற்றும் முன் ஒன்று பாருங்கள். மேலே ஓரிடத்தில் 'எழுத்து படம்' என்று பிரித்து வைத்திருந்தால் சேர்த்துவிடுங்கள். நடுவில் பகர ஒற்று வேண்டும்.