0.3-ஆ 0.03-ஆ? எலக்டிவ் கேட்ட பையன் பாவம்

கல்லுளிமங்கன்:
நேத்து பிக்ஸல்பாண்டி எழுதினதைப் படிச்சுட்டு சோறே இறங்கல. ஒரு தம்பி வந்து, தங்கச்சி பி.எஸ்சி ஜியாலஜி ரெண்டாம் வருஷம் போறா, எலக்டிவ்ல ஆப்டிகல் மினராலஜி (கனிமத்தை மைக்ராஸ்கோப்ல பாத்து அடையாளம் காணறது) எடுக்கவா ஜி.ஐ.எஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போடறது) எடுக்கவான்னு கேட்டார். அதுக்கு இவர் சொன்ன பதில்: "0.3 மி.மீ கல்லுச் சில்லை மைக்ராஸ்கோப்ல வச்சு சுத்திக்கிட்டு இருக்கறதெல்லாம் தாத்தா காலத்து வேலை." அய்யா, 0.3 இல்ல, 0.03. அந்த அளவுக்குத் தேய்ச்சாத்தான் குவார்ட்ஸ் கனிமம் க்ராஸ்டு நிக்கால்ல (ரெண்டு போலரைசர் ஃபில்டரைக் குறுக்கா வச்சுப் பாக்கறது) சாம்பலா நிக்கும், கொஞ்சம் தடிச்சாலும் மஞ்சள் அடிக்கும். நாங்கல்லாம் கண்ணாடித் தகட்டுல கார்போரண்டம் பொடியும் தண்ணியும் விட்டு விரல் தேயத் தேய்ச்சு, மஞ்சள் போச்சா போச்சான்னு எடுத்து எடுத்துப் பாத்து, கடைசித் தேய்ப்புல கல்லே கரைஞ்சு போயி வெறும் கண்ணாடியோட முழிச்ச ஆளுங்க. ஸ்லைடு தடிமனே தெரியாதவர் அந்தப் பேப்பர் வேண்டாங்கறார்!

பிக்ஸல்பாண்டி:
டைப்பிங் மிஸ்டேக் சார், விடுங்க. இன்னிக்கு கிரவுண்ட்வாட்டர் சர்வே கம்பெனி, குவாரி கன்சல்டன்சி, நான் போன எல்லா இன்டர்வியூலயும் முதல் கேள்வி கியூஜிஐஎஸ்ங்கற ஜி.ஐ.எஸ் சாஃப்ட்வேர் தெரியுமாங்கறதுதான். எக்ஸ்டிங்ஷன் ஆங்கிள் (மைக்ராஸ்கோப்ல கனிமம் இருண்டு போற கோணம்) எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்கல. அந்த சாஃப்ட்வேர் இலவசம், சென்டினல்-2 சாட்டிலைட் படம் இலவசம், பத்து மீட்டர் ரெசல்யூஷன். உங்க மைக்ராஸ்கோப் எங்க காலேஜ்ல எட்டு பேருக்கு ஒண்ணு, அதுலயும் அனலைசர்ங்கற ஃபில்டர் உள்ள போனா வெளிய வராது.

கல்லுளிமங்கன்:
கை தவறினா எழுத்து மாறும், சைபர் எப்படிங்க காணாமப் போகும்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க.

மலைக்கோட்டைமீனா:
நான் யுபிஎஸ்சி ஜியோ-சயின்டிஸ்ட் (மத்திய அரசு ஜியாலஜிஸ்ட் வேலை) எக்ஸாமுக்குப் படிக்கிறேன். மெயின்ஸ் மூணு பேப்பர், தலா 200 மார்க். முதல் பேப்பர்ல ரிமோட் சென்சிங் (சாட்டிலைட் படத்தை வச்சுப் படிக்கறது) இருக்கு, ரெண்டாவதுல மினராலஜி, இக்னியஸ், மெட்டமார்பிக் பாறைகள் எல்லாம் இருக்கு. ரெண்டும்தான் வேணும். அதோட அந்த எக்ஸாமுக்கு எம்.எஸ்சி இல்லாம அப்ளையே பண்ண முடியாது, அதனால வெறும் டிகிரியோட வேலைக்குப் போறவங்க கணக்கு வேற, மேல படிக்கறவங்க கணக்கு வேற. அந்தப் பொண்ணு எந்தப் பக்கம்னு யாராவது கேட்டீங்களா?

கல்லுளிமங்கன்:
மீனா மேடம், ரெண்டாவது பேப்பர்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஆக என் கட்சி.

பிக்ஸல்பாண்டி:
முதல் பேப்பர்ல ரிமோட் சென்சிங்னும்தான் சொல்லியிருக்காங்க. கண்ணுல படலையா, இல்ல அதுக்கும் மைக்ராஸ்கோப் வேணுமா?

கொங்குச்சுண்ணாம்பு:
ரெண்டு பேரும் ஒரே நம்பருக்குத்தான் அடிச்சுக்கறீங்க. லேண்ட்சாட் சாட்டிலைட் படத்துல ஒரு கட்டம் 30 மீட்டர், தேய்ச்ச கல்லுச் சில்லு, அதாவது தின் செக்‌ஷன் 30 மைக்ரான் 😂

கல்லுளிமங்கன்:
பாத்தீங்களா, இவருக்குக் கூட 30 மைக்ரான்னு தெரிஞ்சிருக்கு. பாண்டிக்கு 300.

தமிழ்த்தேனீ:
எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் ஜியாலஜி ஜியாலஜிங்கறீங்களே, தமிழ்ல நிலவியல்னு சொல்ல நாக்கு வராதா?

கொங்குச்சுண்ணாம்பு:
அரசாங்கமே புவியியல் மற்றும் சுரங்கத் துறைன்னுதான் போர்டு வச்சிருக்கு. ஸ்கூல் புஸ்தகத்துல புவியியல்னா ஜியாகிரபி. எங்க சித்தப்பா இன்னமும் நான் மேப் வரையப் படிச்சேன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரியறார்.

தமிழ்த்தேனீ:
அதான் கேக்கறேன், நிலவியல்னு போட்டா என்ன குறைஞ்சிரும்?

கல்லுளிமங்கன்:
பேரை அப்புறம் பேசலாம். பல்லாவரத்துக்கு வாங்க. கல்கத்தால இருக்கற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் கல்லறையில கிடக்கற அதே ஜாதிக் கல்லு, அதை வச்சுத்தான் ஜியாலஜிஸ்ட் ஹாலண்ட் சார்னோக்கைட்னு பேரே வச்சார். சாட்டிலைட்ல பாத்தா அங்க என்ன தெரியும்? வீடும் ஏர்போர்ட்டும்தான். ஸ்லைடுல பாருங்க, அதுல இருக்கற ஹைபர்ஸ்தீன் கனிமம், மைக்ராஸ்கோப் ஸ்டேஜைத் திருப்பத் திருப்ப ரோஸ்ல இருந்து பச்சைக்குப் போகும். அதை ஒரு தடவை கண்ணால பாத்தவன் இந்த மாதிரிப் பேச மாட்டான்.

பிக்ஸல்பாண்டி:
ஹைபர்ஸ்தீன்ங்கற பேரையே 1988-ல தூக்கிட்டாங்க. இப்ப என்ஸ்டடைட், ஃபெர்ரோசிலைட் ரெண்டுதான். என் சைபரை மட்டும் எண்ணுறீங்களே, உங்க சிலபஸ் எந்த வருஷத்துது?

கல்லுளிமங்கன்:
பேரைத்தான் தூக்குனாங்க, ரோஸையும் பச்சையையுமா தூக்குனாங்க? அது சரி, 2020-ல பெரம்பலூர் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாக் கிடைச்சப்ப டைனோசர் முட்டை, டைனோசர் முட்டைன்னு இங்க குதிச்சது யாரு? கடைசில அம்மோனைட்ங்கற பழங்காலக் கடல் உயிரியோட ஓட்டைச் சுத்தி இறுகின உருண்டைன்னு ஆச்சு. ஒரு துண்டை வெட்டித் தேய்ச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். முட்டை ஓட்டோட அமைப்பு தின் செக்‌ஷன்லதான் தெரியும் தம்பி.

பிக்ஸல்பாண்டி:
நான் லிங்க்தான் ஷேர் பண்ணேன், முட்டைன்னு நான் சொல்லல! அரியலூர் செந்துறைல 2009-ல நிஜமாவே முட்டை கிடைச்சுதே, அப்ப அந்த ஏரியாவுல இருக்குமோன்னு நினைக்கறது தப்பா? ஆறு வருஷத்துக்கு முந்தினதைக் கிளறற ஆளோட பேசிப் பிரயோஜனம் இல்ல.

கேட்டவன்_நான்தான்:
அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபார்ம் குடுக்கணும். தங்கச்சி எம்.எஸ்சி சேர ஜாம் எக்ஸாம் எழுதுற ஐடியாவுலதான் இருக்கா. எதைப் போட?

மலைக்கோட்டைமீனா:
அப்ப மினராலஜி போடச் சொல்லுங்க தம்பி. ஜாம் ஜியாலஜி சிலபஸ்ல மினராலஜி, பெட்ராலஜி (பாறையைப் பத்தின படிப்பு) எல்லாம் நேரா வருது. ஜி.ஐ.எஸ் லீவுல வீட்ல உக்காந்து பழகிக்கலாம், தின் செக்‌ஷனை வீட்ல பழக முடியாது.

பிக்ஸல்பாண்டி:
லீவுல பழகற சாமானா ஜி.ஐ.எஸ்? ஒரு ப்ரொஜெக்‌ஷன் (உருண்டை பூமியைத் தட்டை மேப்பாக்கற கணக்கு) மாத்தத் தெரியாம மொத்த மாவட்டத்தையும் கடல்ல கொண்டு போட்ட ஆளுங்களை நான் பாத்திருக்கேன் மேடம்.

கல்லுளிமங்கன்:
கடல்ல போட்டது 0.3 போட்ட அதே ஆளா?

தமிழ்த்தேனீ:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பிக்ஸல்பாண்டி:
சார், நீங்க கடைசியா ஸ்லைடு தேய்ச்சது எந்த வருஷம்? மறைக்காம சொல்லுங்க.

கல்லுளிமங்கன்:
அதைச் சொல்றேன், முதல்ல அந்த சைபரை எடிட் பண்ணு. இன்னும் அப்படியேதான் கிடக்கு.