புதுப்பிப்பு: டேங்க் ஸ்டாண்டுக்கு சிங்க் ஸ்ப்ரே அடிச்சாச்சு

திருமங்கலம் வீட்டு மொட்டைமாடி இரும்பு ஸ்டாண்டுல போர் தண்ணி வழிஞ்சு துரு ஏறுது, எந்த பெயிண்டும் நிக்கலன்னு கேட்டிருந்தேன்ல? பாதிப் பேர் கால்வனைசிங்னீங்க. ஒரு அண்ணன் மட்டும் சிங்க் ஸ்ப்ரேன்னார். அதையே செஞ்சுட்டேன்.

கால்வனைசிங்னா சுமார் 450 டிகிரியில உருகிக் கிடக்கிற துத்தநாகத் தொட்டியில முக்கணும். நம்ம ஸ்டாண்டு முழுசா வெல்டு பண்ணினது, தொட்டிக்குள்ள அடங்காது. கோணிக்கிடுமோன்னும் பயம். ஸ்ப்ரேல துத்தநாகக் கம்பியை ஆர்க்ல, அதாவது மின்பொறியில உருக்கி, காத்தழுத்தத்துல துளித்துளியா அடிக்கிறாங்க. இரும்பு பெருசா சூடாகாது.

கிரேன்ல இறக்கி கப்பலூர் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பாதி வேலை பிளாஸ்டிங்தான், அதாவது காத்தழுத்தத்துல மணல் மாதிரித் துகளை வேகமா அடிச்சுத் துருவை எடுக்கிறது. துரு போனா மட்டும் பத்தாது, இரும்பு சொரசொரன்னு ஆகணும். துத்தநாகம் பெரும்பாலும் அந்தச் சொரசொரப்பைப் பிடிச்சுத்தான் நிக்குது. முதல்ல விசாரிச்ச பட்டறையில ஆத்து மணல்லயே அடிச்சுத் தாரேன்னாங்க. வேண்டாம்னு வந்துட்டேன், சிலிக்கா தூசி வேலை பாக்குறவங்க நுரையீரலைத் தின்னுடும். இங்க மணலுக்குப் பதிலா காப்பர் ஸ்லாக், செம்பு உருக்குறப்போ மிஞ்சுற கசடுத் துகள். பிளாஸ்டிங் முடிஞ்ச கையோட, மறுபடி துரு பூக்கறதுக்குள்ள ஸ்ப்ரே. கேஜ் வச்சுப் பாத்தா பூச்சோட கனம் 150 மைக்ரானுக்கு மேல. பூச்சுல நுண்துளை இருக்கும்ங்கிறதால மேல அதை அடைக்க ஒரு சீலர்.

கீறல் விழுந்தா என்னாகும்னு கேட்டவருக்கு: சின்னக் கீறல்னா பக்கத்துல இருக்கிற துத்தநாகம் தன்னை அரிக்க விட்டு இரும்பைக் காப்பாத்தும். சாதாரண பெயிண்டுக்கு அந்த குணம் கிடையாது.

செலவு பெயிண்டைவிட ரொம்பவே ஜாஸ்தி. ஜன்னல் கம்பிக்கெல்லாம் இதைக் கேக்காதீங்க, ரெட் ஆக்சைடு அடிச்சு மேல பெயிண்ட் அடிங்க.